புதுச்சேரியிலிருந்து உறைந்த அருவிகளுக்கு: முதல்முறை பனிமலை நடப்பவர்களுக்கான வழிகாட்டி

புதுச்சேரியில் மார்கழி விடியலில் வெப்பநிலை 20 டிகிரியை நெருங்கினாலே குரங்குக் குல்லாய்கள் வெளியே வந்துவிடும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இமயமலைப் பனிக்குள் போய் நிற்க முடியுமா என்று ஒவ்வொரு ஆண்டும் பொங்கலுக்கு முன்னால் யாராவது கேட்கிறார்கள். முடியும். கூட்டாளிகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றரை மாதம் ஒழுங்காகத் தயாரானால், மலையேறிப் பழக்கமே இல்லாதவர்களும் வெள்ளைச் சிகரங்களைப் பார்த்தபடி நடந்து, உறைந்து தொங்கும் அருவிக்கு எதிரே நின்றுவிட்டு, நல்லபடியாக ஊர் திரும்பலாம். புதுச்சேரி, கடலூர் ஆட்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஊட்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எந்த மலை?

முதல் பயணம் என்றதும் பெரும்பாலோர் உத்தராகண்டின் கேதார்கண்டாவைச் சொல்வார்கள். சாங்க்ரி கிராமத்தில் தொடங்கி, பனியில் கூடாரம் அடித்துத் தங்கி, சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு ஏறும் நடை அது. அருமையான மலை, சந்தேகமில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து பூஜ்ஜியம் டிகிரியைப் பார்க்காத ஒருவரை எடுத்த எடுப்பில் மைனஸ் குளிரில் கூடாரத்துக்குள் படுக்கவைப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. லடாக்கில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேலேயே நடந்து நேரக் அருவியைப் பார்க்கப் போகும் சாதர் நடை இன்னும் பல படி கடினம். முதல் பயணத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

என் பரிந்துரை இமாச்சலப் பிரதேசத்தின் மணாலி. பகலில் நடை, இருட்டுவதற்குள் அறை, இரவில் வெந்நீரும் ரஜாய் எனும் கனத்த மெத்தைப் போர்வையும். அங்கே தங்கிக்கொண்டு மூன்று உறைந்த அருவிகளைப் பார்க்கலாம்: வசிஷ்ட் கிராமத்துக்கு மேலே ஜோகினி, சோலங் பள்ளத்தாக்குக்குள் அஞ்சனி மகாதேவ், அடல் சுரங்கத்தைத் தாண்டி லாஹௌல் பள்ளத்தாக்கில் சிஸ்சு. குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்த ஆண்டு கேதார்கண்டாவுக்குக் கிளம்புங்கள்.

இனி வரும் பகுதிகளில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ள வேண்டாம்: நனையாதீர்கள். மைனஸ் ஐந்திலும் காய்ந்த துணியோடு நடப்பவர் தெம்பாக இருப்பார். பூஜ்ஜியத்துக்கு மேலேயே வியர்வையில் ஊறிய பனியனோடு நிற்பவருக்கு நடுக்கம் எடுத்துவிடும். கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டிகளை நிரப்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உறைக்குள் கை காய்ந்திருக்கும்வரை வேலை ஓடும், உறை நனைந்துவிட்டால் விரல் மரத்துப்போகும்.

தேதி குறிப்பது

டிசம்பர் கடைசி வாரம் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோருக்கும் அதுதான் முதலில் தோன்றும். அதைத் தவிர்க்க மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, நம் கடல். 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30 அன்று. 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறி ஊரையே வெள்ளக்காடாக்கியது. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை ரயில் ஓடும் என்றோ, வீட்டை விட்டுவிட்டுப் போகலாம் என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு, மணாலியின் கூட்டம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டுவரை வட இந்தியாவே அங்கே திரண்டுவிடும். 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் சோலங் பகுதியில் பெய்த பனியில் ஆயிரக்கணக்கான பயணிகள் வண்டிகளோடு சிக்கி, போலீசார் மீட்டுக் கொண்டுவரும்படி ஆயிற்று. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: அருவி ஓரிரு நாள் குளிரில் உறைந்துவிடாது. தொடர்ந்து பல இரவுகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால்தான் ஓரங்களில் விழுதுகளாகத் தொடங்கி, தூண்களாகப் பருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து திரையாகும்.

ஆகவே காணும் பொங்கல் முடிந்த கையோடு கிளம்புங்கள். ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை நல்ல காலம். மணாலியில் அப்போது பகலில் 10 டிகிரி வரை ஏறும், இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். இயற்கை வாக்குக் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் இமாச்சல் ஏறக்குறைய மாதம் முழுவதும் பனியில்லாமல் வறண்டு கிடந்தது. மாதக் கடைசியில்தான் கொட்டத் தொடங்கியது.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலை என்று வானொலி சொன்னால் நம்மவர் காது தானாக நிமிரும். அங்கே அதே இடத்தில் இருப்பது ‘மேற்கத்திய இடையூறு’. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிழக்கே நகர்ந்து வந்து குளிர்காலத்தில் இமயமலையில் பனியைக் கொட்டும் காற்றுச் சுழற்சி அது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சிம்லா வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் அன்றைக்கும், பனி நின்றதற்கு மறுநாளும் நடை கிடையாது. புதுப்பனி கனமாக விழுந்தவுடன்தான் சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்து அதிகம்.

ஆட்களைச் சேர்ப்பது

நான்கு பேர் முதல் ஆறு பேர் வரை சரியான அளவு. ஒரு டாக்ஸியில் அடங்கும், மூன்று அறைகளில் முடிந்துவிடும். பதினைந்து பேர் கிளம்பினால் ஒருவர் ஷூ கயிறு கட்டி முடிப்பதற்குள் இன்னொருவர் டீக்கு உட்கார்ந்துவிடுவார்.

டிக்கெட் எடுக்கும் முன்பே இரண்டு விஷயங்களை வாய்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். யாருக்காவது ஆஸ்துமா, இரத்த அழுத்தம், இதய நோய், பழைய மூட்டுக் காயம் இருந்தால் மறைக்கக் கூடாது. அவர் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இரண்டாவது, மெதுவாக நடப்பவர் யாரோ அவரே முன்னால் நடப்பார், மற்றவர்கள் அவரைத் தாண்டக் கூடாது. பனியில் பின்தங்கிய ஆள் அவசரமாக நடப்பார், வியர்ப்பார், வழுக்குவார். நட்பு முறிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று. புதுச்சேரியிலிருந்து வருகிறோம் என்றால் ‘பாட்டில் கொண்டுவந்தாயா’ என்று கேட்காத ஆள் இந்தியாவில் இல்லை. மது குளிரைப் போக்கும் என்பது பொய். அது தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விடுகிறது. சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். மாநில எல்லைகளில் சோதனை வேறு. ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உடம்பைப் பழக்குவது

டிசம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு முக்கால் மணி நேரம் வேக நடை. புதுச்சேரிக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணிக்குமேல் வண்டி வராது, காலை ஏழரை வரை நடக்கலாம். கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இன்னும் நல்லது. ஈர மணலை விட்டுவிட்டு மேலே உள்ள காய்ந்த மணலில் நடங்கள். கால் புதைந்து, கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். புதுப்பனியில் நடக்கும்போது வேலை செய்வது அதே தசைகள்தான்.

நம் பக்கம் தரை தட்டை என்பதால் ஏற்றத்தைத் தேடித்தான் போக வேண்டும். கடலூரில் கேப்பர் மலைச் சரிவும், திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் இருக்கும் ஔஷதகிரிப் படிகளும் தினப் பயிற்சிக்குப் போதும். முழு ஒத்திகைக்குச் செஞ்சிக்குப் போங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து உள்ளது அது ஒன்றே. புதுச்சேரியிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். நுழைவு திறந்தவுடன் ஏறத் தொடங்குங்கள். மலைக்குக் கொண்டுபோகப்போகும் அதே ஷூ, அதே பை, பைக்குள் ஐந்து கிலோ எடை. மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் எது என்பதை அங்கே கண்டுபிடியுங்கள். மணாலியில் அதைவிட ஒரு மாற்றுக் குறைவாக நடந்தால் வியர்க்காது. ஷூ கடிக்கிறதா என்பதும் ராஜகிரி இறங்கும்போது தெரிந்துவிடும்.

உடுத்துவதும் எடுத்துச்செல்வதும்

பருத்தி நம் ஊருக்குத் தெய்வம், பனியில் எமன். வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். ஆகையால் ஜீன்ஸ், பனியன், காட்டன் சாக்ஸ் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உடம்பை ஒட்டி ஒரு பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை. அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜாக்கெட். உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள, பைக்குள் ஒரு கனத்த செயற்கைப் பஞ்சு ஜாக்கெட். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அறையை விட்டு இறங்கும்போதே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வியர்க்கும், அப்போது கூச்சப்படாமல் நின்று ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நம்மவர் செய்வது நேர்மாறு: எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறி, உச்சியில் வியர்க்கிறதென்று கழற்றிவிட்டு, காற்றில் நிற்பார்கள்.

கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி. அதில் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, இரவில் தூங்க மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள், பகலில் என்ன நடந்தாலும் தொடக் கூடாது. கையுறை இரண்டு ஜோடி: உள்ளே மெல்லியது, வெளியே நீர் புகாதது. காது மூடும் கம்பளித் தொப்பி, கழுத்துக்கு ஒரு பஃப் (குழாய்போல மாட்டிக்கொள்ளும் துணி). கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு என்று நினைக்க வேண்டாம். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் இரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல அரிக்கும். மூக்குக்கு அடியிலும் முகவாய்க்குக் கீழும் சன்ஸ்கிரீன் தடவ மறக்காதீர்கள், வெயில் அங்கே கீழிருந்தும் வருகிறது.

ஷூ கணுக்காலை மூடுவதாக, கட்டை விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுவதாக இருக்கட்டும். கெட்டிச் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறுக்கினால் இரத்தம் ஓடாது, எத்தனை சாக்ஸ் போட்டாலும் விரல் விறைக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் பல் வைத்த சங்கிலி ஒன்று உண்டு, மைக்ரோஸ்பைக் என்பார்கள். ஆளுக்கொரு ஜோடி கட்டாயம். பணத்தைச் சிக்கனம் செய்ய வேண்டுமானால் ஜாக்கெட்டில் செய்யுங்கள், இதில் வேண்டாம்.

மணாலியிலிருந்து சோலங் போகும் சாலை நெடுகக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கோட்டை எடுத்துக்கொள்ளலாம். பூட்ஸை மட்டும் கை விட்டுத் தடவிப் பாருங்கள். நேற்றைக்குப் போட்டவரின் ஈரம் துணி அஸ்தரில் அப்படியே இருக்கும். அடிப்பகுதியும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். பத்து நிமிடம் பனியில் விளையாடுபவர்களுக்கு அது போதும், மலை ஏறுபவர்களுக்குப் போதாது.

சில்லறைச் சாமான்களில் நம் வீட்டிலேயே நல்லவை இருக்கின்றன. பண்ருட்டி முந்திரி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் மூன்றையும் கலந்து ஆளுக்கொரு சிறு பை. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தால்தான் உடம்பு சூட்டை உண்டாக்கும், குளிரில் மென்று தின்னவும் எளிது. சாக்லேட் பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகிவிடும். சுக்குப் பொடி, ஒரு நல்ல பிளாஸ்க். தலைக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் முதல் காலையே பாட்டிலுக்குள் மெழுகாக நிற்கும். விளக்கெண்ணெயோ வாசலினோ எடுத்துக்கொள்ளுங்கள், உதடு வெடிப்புக்கும் ஆகும். செல்போனை உள்பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி கண்ணெதிரே இறங்கும்.

போய்ச் சேர்வது

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் 1-க்கு முன்புவரை அது 120 நாளாக இருந்தது. எனவே நவம்பர் நடுவில் விழிப்பாக இருங்கள். புதுச்சேரியிலிருந்தே வாரம் ஒரு முறை புது டெல்லிக்கு எக்ஸ்பிரஸ் உண்டு. நாள் ஒத்துவந்தால் அது சௌகரியம். இல்லாவிட்டால் சென்னை சென்ட்ரலுக்குப் போய் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். இரவு பத்துக்குக் கிளம்பி, நடுவில் ஒரு முழு நாளைக் கழித்து, அதற்கு மறுநாள் காலை டெல்லி. ஜனவரியில் வட இந்திய மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது சாதாரணம். டெல்லியில் இறங்கும் அன்றைக்கே மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தால் குறைந்தது எட்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

டெல்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து மணாலிக்கு இமாச்சல் அரசுப் பேருந்துகள் மாலையில் கிளம்புகின்றன. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம். வளைவுகளில் வயிறு புரட்டும், முன்வரிசை கேட்டு வாங்குங்கள். 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் ஆறு இந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. மழைக்காலச் சேதம் குளிர்காலம் வரை நீள்வதுண்டு என்பதால் கிளம்பும் முன் விடுதிக்காரரிடம் சாலை நிலவரத்தைக் கேளுங்கள்.

மணாலி ஊருக்குள் தங்காதீர்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி, எதிர்க்கரை மேட்டில் வசிஷ்ட் கிராமம் இருக்கிறது. அறை பிடிக்கும்போது ‘ஹீட்டர் உண்டா’ என்று கேட்பதோடு, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். மூடிய அறையில் அதன் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

முதல் நாள்: சும்மா இருங்கள்

மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். பெரிய உயரம் இல்லைதான், ஆனாலும் கடல் மட்டத்திலிருந்து நேராக வந்த உடம்பு. ஹிடிம்பா கோயிலைச் சுற்றியுள்ள தேவதாருக் காட்டில் மெல்ல நடந்துவிட்டு வாருங்கள். அங்கேயே பனியில் நடக்கும் வித்தையைப் பழகிக்கொள்ளலாம்.

வித்தை என்பது இவ்வளவுதான். அடி சிறிதாக இருக்கட்டும். குதிகாலை முன்னால் ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் தரையில் வையுங்கள். முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்கட்டும், கை பாக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது. மென்மையான பனிச் சரிவில் ஏறும்போது ஷூ நுனியால் உதைத்துப் படி உண்டாக்கி ஏறலாம், இறங்கும்போது குதிகாலை அழுத்தி ஊன்றலாம். இது மென்பனிக்கு மட்டும். பலர் நடந்து மிதித்த பாதை நடுப்பகலில் உருகி, வெயில் போனதும் திரும்ப உறைந்து கண்ணாடியாகிவிடும். அங்கே பல் சங்கிலி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையை ஊன்றித் தடுக்காமல் பக்கவாட்டில் உட்கார்வதுபோல விழுங்கள். மணிக்கட்டு பிழைக்கும்.

இரண்டாம் நாள்: ஜோகினி

வசிஷ்ட் கோயில் சந்து வழியாக மேலேறி, இலையுதிர்ந்து நிற்கும் ஆப்பிள் தோட்டங்களையும் பைன் மரங்களையும் தாண்டினால் ஜோகினி அருவி. வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பனி கிடந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குக் கிளம்புவது சரி. அதற்கு முன் பாதை கண்ணாடியாக இருக்கும். வழியில் திரும்பிப் பார்த்தால் பியாஸ் பள்ளத்தாக்கு முழுவதும் காலுக்குக் கீழே கிடக்கும்.

அருவி பெரும்பாலும் பாதிதான் உறைந்திருக்கும். அதுதான் பார்க்கவேண்டிய காட்சியும். வெளியே அசையாத பனித் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவது நிழலாகத் தெரியும், காதைக் கொடுத்தால் கேட்கும். அருவிக்கு இருபது அடி முன்பே பாறைகளைக் கவனியுங்கள். சாரல் பட்டுப்பட்டு அவற்றின்மேல் மெல்லிய பனிப்படலம் படிந்திருக்கும். வெறும் ஈரப்பாறை போலத்தான் தெரியும், நிறம்கூட மாறாது. குச்சியால் தட்டுங்கள். ‘டக்’ என்று கல் சத்தம் வந்தால் கால் வைக்கலாம், குச்சி நழுவினால் அதோடு நின்றுவிடுங்கள். தொங்கும் விழுதுகளுக்கு அடியில் போய்ப் படம் எடுப்பவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுப்பகல் வெயிலில் அவை முன்னறிவிப்பின்றி ஒடிந்து விழும். கீழே உள்ள குட்டையின்மேல் படிந்த பனித்தகடும் ஆளைத் தாங்காது.

உள்ளூர் மக்களுக்கு ஜோகினி தெய்வ இடம். குளிக்க வேண்டாம், குப்பை போட வேண்டாம்.

திரும்பியதும் வசிஷ்ட் கோயிலின் வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம். கந்தக நீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளம். அங்கே இறங்குபவர்கள் பெரிய துண்டும் உலர்ந்த தொப்பியும் கையோடு கொண்டுபோங்கள். ஈரத் தலையோடு வெளியே வந்தால் பகல் முழுக்கப் பட்ட சிரமம் வீணாகிவிடும்.

மூன்றாம் நாள்: அஞ்சனி மகாதேவ்

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள். சோலங்கிலிருந்து ஓடையை ஒட்டி உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை, கடைசியில் படிகள். அனுமனின் தாய் அஞ்சனி தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. மேலிருந்து விழும் அருவி ஆண்டு முழுவதும் ஒரு லிங்கத்தின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் தெறிக்கும் துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து, அதன்மேல் அடுத்த அடுக்கு, அதன்மேல் இன்னொன்று என்று கீழிருந்து மேலாகப் பனிக்கூம்பு வளர்கிறது. நன்றாகக் குளிர்ந்த ஆண்டுகளில் முப்பது அடியைத் தாண்டுவதாகச் செய்தி வரும். மற்ற அருவிகளில் பனி மேலிருந்து கீழே தொங்குகிறது, இங்கே தரையிலிருந்து எழுந்து அருவியைச் சந்திக்கப் போகிறது. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் கூட்டத்தில் நசுங்கிவிட்டு வந்தவர்களுக்கு, அதே சிவனை இப்படிப் பார்ப்பது தனி அனுபவம்தான்.

பக்தர்கள் பலர் கடைசித் தூரத்தை வெறுங்காலோடு பனியில் நடப்பார்கள். அவர்கள் மலை ஆட்கள், கால் பழகியது. நீங்களும் நடந்தே தீருவேன் என்றால், சந்நிதி அருகே சில நிமிடங்களோடு நிறுத்தி, உடனே பாதத்தை நன்றாகத் துடைத்து, புதுச் சாக்ஸ் மாட்டுங்கள். விரல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. கூட வந்தவரின் அக்குளிலோ வயிற்றிலோ வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். நண்பர்கள் பின் எதற்கு இருக்கிறார்கள்?

சோலங்கிலிருந்து மேற்கே பார்த்தால் ஏறத்தாழ ஆறாயிரம் மீட்டர் உயரமுள்ள ஹனுமான் திப்பா வெள்ளையாக நிற்கும். மேகம் மதியத்துக்குமேல் கூடுவதால் போகும்போதே பார்த்துவிடுங்கள். இந்த நடைக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. பனிச்சரிவு வரும் ஓடை எது என்று அவருக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. மதியம் ஒன்றரை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும் என்று காலையிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சூரியன் நாலு மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் போய்விடும்.

நான்காம் நாள்: சிஸ்சு

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர். இந்தப் பக்கம் தேவதாருக் காடு, அந்தப் பக்கம் மரமில்லாத வெள்ளைப் பள்ளத்தாக்கு. சிஸ்சு 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மணாலியைவிட ஆயிரம் மீட்டர் அதிகம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் தொடங்கினால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். சுரங்கத்தைத் தாண்டி மணாலிக்கு இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அருவி சந்திரா ஆற்றுக்கு எதிர்க்கரையில், சாலையிலிருந்தே முழுதாகத் தெரியும். பக்கத்தில் போவது அன்றைய பனியின் ஆழத்தைப் பொறுத்தது. உள்ளூர் ஆள் சம்மதிக்காமல் இறங்காதீர்கள், ஆற்றோரப் பனித்தகட்டில் கால் வைக்கவே கூடாது. கனமாகப் பனி பெய்த நாட்களில் சோலங்குக்கு மேலே நான்கு சக்கர இயக்கமோ சங்கிலியோ உள்ள வண்டிகளைத்தான் போலீசார் விடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் திருவிழாவை முன்னிட்டுச் சிஸ்சு ஊரார் பயணிகளை அனுமதிக்காமல் இருப்பதும் உண்டு. முதல் நாளே டாக்ஸிக்காரரிடம் விசாரித்துவிட்டால் வீண் அலைச்சல் இல்லை.

நாள்தோறும் கவனிக்க

தாகம் எடுக்காது, ஆனாலும் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். வெளியே ஒதுங்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்குத்தான் தலைவலி முதலில் வரும். எந்தக் கடையிலும் ‘கரம் பானி’ என்று கேட்டால் பிளாஸ்க்கை வெந்நீரால் நிரப்பித் தருவார்கள்.

ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுங்கிக்கொண்டிருப்பவர் கவலைக்குரியவர்தான். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, ‘நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அது சோம்பல் இல்லை, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. காற்றில்லாத இடத்தில் ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் இனிப்பாகச் சூடான பானம் கொடுத்து, 112-ஐ அழையுங்கள்.

இரவில் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். ஹீட்டருக்கு மிக அருகில் வைத்தால் அடிப்பகுதியின் பசை விட்டுவிடும்.

ஊர் திரும்பிய பிறகு

ஜாக்கெட்டையும் கையுறையையும் அப்படியே சுருட்டிப் பரண்மேல் போட்டால் நம் கடல் காற்றுக்கு இரண்டு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். சோப்பு குறைவாகப் போட்டுக் கையால் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, அமுக்காமல் தொங்கவிடுங்கள். பல் சங்கிலியைத் துடைத்து லேசாக எண்ணெய் பூசி வையுங்கள், உப்புக் காற்றில் துருவேறும். ஷூ பெட்டிக்குள் நாலைந்து சிலிக்கா பொட்டலங்கள். டிசம்பரில் ஒரு முறை எடுத்து உதறிப் பார்த்தால் அந்த ஆண்டுப் பயணத்துக்கு எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.